பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் புதுநன்மை: எந்த ஏற்பாடு சரிப்படும்?

கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நன்மை, அதாவது நற்கருணை, வாங்கும் நாள்தான் புதுநன்மை. பங்கில், அதாவது நம் பகுதிக் கோயிலில், அதன் தேதி அறிவித்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, யாரைக் கூப்பிட்டால் யார் வரமாட்டார்கள் என்பது. வெள்ளை உடுப்பு, பூ வைத்த மெழுகுவர்த்தி, கேக் எல்லாம் அப்புறம்தான். அண்ணன் தம்பிக்குள் ஊர் வீட்டுக்காகப் பாகப்பிரிவினை வழக்கு நடக்கும். கணவனும் மனைவியும் தனித்தனியே இருப்பார்கள். பெண் வீட்டார் இந்துக்களாக இருப்பார்கள், இல்லையென்றால் சித்தப்பா குடும்பத்தோடு பெந்தெகொஸ்தே சபைக்குப் போயிருப்பார். இதில் ஏதாவது ஒன்று இல்லாத வீடு குறைவு.

வடசென்னையில் ஒரு பங்கில் ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு விட்டதும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், அம்மாக்கள் நிற்பார்கள். "டீச்சர், என் நாத்தனார் வந்தா என் தம்பி வரமாட்டான், என்ன பண்றது?" என்று ஆரம்பிக்கும் பேச்சு சாதாரணமாக அரை மணி நேரம் போகும். அங்கே கேட்டதையும் விருந்துகளில் உட்கார்ந்து பார்த்ததையும் வைத்துத்தான் இந்த ஒப்பீடு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை பேரைக் கூப்பிடுகிறோம் என்பதில் பெரிய ஆபத்து இல்லை. பேசாத இரண்டு பேரை எத்தனை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வைக்கிறோம் என்பதில்தான் வம்பு இருக்கிறது. கீழே ஒவ்வோர் ஏற்பாட்டையும் அதை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

கோயிலுக்குள் நடப்பது

எதை மாற்ற முடியாது என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை அங்கேயே குறையும். ஒரு காலத்தில் பல நாடுகளில் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் நன்மை வாங்கினார்கள். 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், புத்தி தெரிகிற வயது, ஏறக்குறைய 7, வந்தால் போதும் என்று ஆணை வெளியிட்டார். இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 914ஆம் எண்ணும் அதைத்தான் சொல்கிறது. புத்தி தெரிந்த பிள்ளையைத் தயார் செய்து, முதலில் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் செய்யவைத்து, கூடிய சீக்கிரம் நன்மை கிடைக்கச் செய்வது பெற்றோருக்கும் பங்குத்தந்தைக்கும் உள்ள கடமை. பிள்ளை தயாராகிவிட்டதா என்று பார்க்க வேண்டியவர் பங்குத்தந்தை. பெரியப்பா சம்மதம், தாத்தா சம்மதம் என்று எதுவும் அதில் இல்லை. சென்னைப் பங்குகளில் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து ஐந்தாவது படிக்கும் பிள்ளைகளைச் சேர்த்து, கோடை விடுமுறையை ஒட்டி, எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஞானப்பெற்றோர் விஷயத்திலும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். ஞானத்தகப்பன், ஞானத்தாய் எல்லாம் ஞானஸ்நானத்துக்கும், விசுவாசத்தை உறுதிப்படுத்தும் உறுதிபூசுதலுக்கும்தான். புதுநன்மைக்கு அவர்கள் நின்றே ஆக வேண்டும் என்று சட்டம் ஏதும் கிடையாது. சில பங்குகளில் வழக்கமாகப் பிள்ளைக்குப் பின்னால் நிறுத்துவார்கள், அவ்வளவுதான். அன்று ஞானத்தகப்பனாக நின்ற சித்தப்பாவோடு இன்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றால் பெற்றோரே நிற்கலாம். "வேற ஆளைப் போட்டுடலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் பெயர் இருக்கிறபடிதான் இருக்கும். புதிதாக ஒருவரை அந்த இடத்தில் நிறுத்திப் பழையவரைச் சீண்ட வேண்டியதில்லை.

இதைவிட எனக்கு வருத்தமாக இருப்பது வேறொன்று. கணவனைப் பிரிந்திருக்கும் அம்மாக்கள் சிலர், தங்களுக்கு இனி நன்மை கிடையாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பிள்ளை முதன்முதலாக நன்மை வாங்கும் நாளில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பிரிந்து வாழ்வது மட்டும் அதற்குத் தடையே இல்லை. முந்தைய திருமணம் செல்லாது என்ற திருச்சபைத் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்திருந்தால்தான் கேள்வி வரும். அப்போதும் ஃபாதரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். அத்தை சொன்னார், சித்தி சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

ஆக, கோயிலுக்குள் நாம் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. தேர்வெல்லாம் பூசை முடிந்து வெளியே வந்த பிறகுதான்.

மண்டபமும் மாலை விருந்தும்

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பங்கு மண்டபமே கிடைத்தால் வாடகை குறையும், கல்யாண மண்டபம் என்றால் கௌரவம் கூடும். ஊரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடு, பிள்ளைக்கு மேடை, எல்லாரும் இருக்கிற மாதிரி ஒரு போட்டோ. சுமுகமாக இருக்கும் குடும்பத்துக்கு இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

பேச்சில்லாத குடும்பத்துக்கு இதைவிட மோசமான ஏற்பாடும் இல்லை. சண்டை பத்திரிகையிலேயே ஆரம்பித்துவிடும். "இன்னாரின் பேரனும் இன்னாரின் மகனுமாகிய" என்று ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறதே, அதில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, இறந்துபோன பாட்டனார் பெயர் உண்டா, வழக்குப் போட்ட பெரியப்பா "தங்கள் நல்வரவை விரும்பும்" பட்டியலில் உண்டா? அச்சுக்குக் கொடுப்பதற்குள் இரண்டு வீட்டில் போன் எடுக்கமாட்டார்கள்.

அப்புறம் மேடை. மைக் பிடிப்பவருக்கும் போட்டோகிராபருக்கும் குடும்பக் கதை தெரியாது. "பையனோட அப்பா சைடு எல்லாரும் வாங்க" என்று சத்தமாகக் கூப்பிடுவார். யார் எழுந்தார்கள், யார் எழவில்லை என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும். தாய்மாமன் சங்கிலி போட்டால் அத்தை அது எத்தனை பவுன் என்று கண்ணாலேயே நிறுத்துவிடுவார். ஆறரைக்கு என்று போட்டு ஏழரைக்குக் கேக் வெட்டி, பந்தி பத்து வரை போகும். கோபத்தை அடக்கிக்கொண்டு மூன்றரை மணி நேரம் ஒரே கூரையின் கீழ் உட்காருவது பெரியவர்களுக்கே கஷ்டம்.

பிள்ளையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அன்று விடிகாலையில் எழுப்பிவிட்டிருப்பார்கள். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கி மாதக் கடைசி வரை நிற்கும். நெட் துணி கவுன், தலையில் கிரீடம், முக்காடு, சாட்டின் கையுறை என்று அந்த வெயிலில் ஒரு தடவை நின்றதே போதும். மாலையில் மறுபடி அதே உடுப்பை மாட்டி மேடையில் நிறுத்தினால், வியர்க்குருவைச் சொறிந்துகொண்டே போட்டோவுக்குச் சிரிக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டபச் செலவு பல வீடுகளில் பெற்றோரின் கைக்குள் அடங்காது. தாத்தா பணம் போடுவார். பணம் போட்டவர்தான் யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடக் கூடாது என்று சொல்வார். அதில் அவரைத் தப்பு சொல்லவும் முடியாது.

கோயில் வளாகத்தில் காலை டிபன்

என் ஓட்டு இதற்குத்தான். காலைப் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில், மரத்தடியிலோ மறைக்கல்வி வகுப்பறையிலோ, இட்லி, பொங்கல், வடை, கேசரி, காபி. நின்றுகொண்டே சாப்பிடலாம். மேடை இல்லை, மைக் இல்லை, பந்தி இல்லை.

பூசையே ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். திருச்சபைச் சட்டப்படி நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சாப்பிடாமல் இருந்தால் போதும், தண்ணீரும் மருந்தும் கணக்கில் வராது, வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஆனாலும் நம் ஆட்கள் பழைய பழக்கத்தில் எழுந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வந்திருப்பார்கள். பசியோடு இருப்பவர் முதலில் பொங்கலைத்தான் தேடுவார், பங்காளியை இல்லை.

வந்தவர் பிள்ளையின் தலையில் கை வைத்து, நெற்றியில் சிலுவை போட்டு, கையில் கவரைக் கொடுத்து, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, "வெயில் ஏறுது, கிளம்புறேன்" என்று சொல்லிப் போய்விடலாம். அரை மணியில் கிளம்பினாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மண்டபத்தில் சாப்பிடாமல் கிளம்பினால் அதுவே ஆறு மாதப் பேச்சு.

ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கோர்ட்டில்தான் பேச்சு. தம்பி மகளுக்குப் புதுநன்மை. அண்ணன் வருவாரா என்று கடைசி வரை தெரியவில்லை. வந்தார், மனைவியோடு. வேப்ப மரத்தடியில் நின்றார். தம்பி பைக் நிறுத்தும் இடத்துப் பக்கமே நின்றுகொண்டார். பிள்ளை வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேசரிக் கிண்ணத்தோடு மரத்தடிக்கும் பைக் பக்கமும் மாறி மாறிப் போய் வந்துகொண்டிருந்தாள். பெரியப்பா அவளுக்கு ஒரு மோதிரம் போட்டுவிட்டார். சகோதரர்கள் அன்று சமாதானமாகவில்லை, வழக்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் ஆல்பத்தில் பெரியப்பா இருக்கிறார்.

இதில் குறைகளும் இருக்கின்றன. அன்று உங்கள் குடும்பம் மட்டும் வளாகத்தில் இருக்காது, மற்றப் பிள்ளைகளின் வீட்டாரும் இருப்பார்கள். பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு இடம் வாங்க வேண்டும், குப்பையை நாமே அள்ள வேண்டும். "இட்லிக்கா இவ்வளவு தூரம் கூப்பிட்டே?" என்று ஒரு மாமா கேட்பார், கேட்காமல் இருக்கமாட்டார். நாகர்கோவிலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ராத்திரி முழுக்க ரயிலில் வந்தவர்களை டிபனோடு அனுப்ப முடியாது என்பதும் நியாயம்தான். அவர்களுக்கு மட்டும் மதியம் வீட்டில் சாப்பாடு வையுங்கள். பிரியாணி சொல்வதென்றால் ஒரு கிலோ அரிசிக்கு எட்டிலிருந்து பத்துப் பேர் என்று கணக்கு வைக்கலாம். அதற்கு வெளியூர்க்காரர்களை மட்டும் கூப்பிட்டால், உள்ளூர்க்காரர்களைப் பிரித்துக் கூப்பிட்டதாக ஆகாது. காரணம் எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியும்.

டிக்கெட் விஷயமும் இருக்கிறது. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கோடை விடுமுறையில் நெல்லை, முத்துநகர், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்கள் திறந்த சூட்டிலேயே நிரம்பிவிடும். பங்கில் தேதியைத் தாமதமாக அறிவித்தால் டிக்கெட் கிடைக்காமலே பாதிப் பேர் வரமாட்டார்கள், வராததற்கு நீங்கள் காரணம் என்று பேச்சு வரும். தேதி தெரிந்த அன்றே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அழைப்பிதழ் அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம். அதையும் வாட்ஸ்அப்பில் ஒரு படமாக, பிள்ளையின் பெயர், கோயில், பூசை நேரம் மட்டும் போட்டு அனுப்பினால் போதும். "பேரன்" வரியே இல்லை என்றால் யார் பெயரும் விட்டுப்போகாது.

மதம் வேறாக இருக்கும் பாட்டி தாத்தா

காலை டிபனில் இன்னொரு லாபம், அது தானாகவே சைவம். பெண் வீட்டார் இந்துக்களாக இருந்து, அதிலும் கறி மீன் தொடாதவர்களாக இருந்தால், மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு தனி மூலை ஒதுக்க வேண்டியிருக்கும். மரத்தடியில் எல்லாரும் ஒரே இட்லிதான்.

இந்தக் குடும்பங்களில் கோபம் சாப்பாட்டைவிடப் பழையது. "கல்யாணத்தப்பவே எங்க பொண்ணுகிட்ட எழுதி வாங்கிட்டாங்க" என்று தாத்தா பாட்டி மனதில் வைத்திருப்பார்கள். உண்மையில் திருச்சபைச் சட்டத்தின் 1125ஆம் எண்படி, பிள்ளைகளுக்குக் கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பது கத்தோலிக்கத் தரப்புதான். மற்றவருக்கு அந்த வாக்கைத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவே. அவர்கள் பெண் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இதைப் புதுநன்மைக்குச் சில மாதங்கள் முன்பே, மாப்பிள்ளையே உட்கார்ந்து சொல்லிவிட்டால் நல்லது. விருந்தன்று சொன்னால் அது வாக்குவாதம்.

கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது, நன்மை வாங்கும் வரிசை. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு அங்கே நன்மை கொடுக்கமாட்டார்கள். பேத்தி வாங்குகிறாளே என்று பாட்டியும் ஆசையோடு வரிசையில் போய் நிற்பார். எல்லார் முன்னிலும் ஃபாதர் தயங்கினால் அந்த அவமானம் லேசில் மறையாது. எங்கள் பங்கில், வாங்காதவர்கள் நெஞ்சில் கையைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு வந்தால் ஃபாதர் ஆசீர்வாதம் கொடுத்து அனுப்புவார். உங்கள் பங்கில் அந்த வழக்கம் உண்டா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) உறவினர்களுக்கும் இதையே சொல்ல வேண்டும். அவர்கள் சபையில் பொதுவாகத் திடப்படுத்தல் (நம் உறுதிபூசுதல் மாதிரி) முடிந்துதான் நற்கருணை, அதனால் "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கா?" என்ற கேள்வி வரும். குத்தலாகக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொன்னால் இந்துப் பாட்டிக்குத் தான் வெளி ஆள் என்றுதான் தோன்றும். ஒரு வேலை கொடுங்கள். போன தடவை ஒரு பேத்திக்குத் தலை பின்னி, முக்காட்டை ஹேர்பின் போட்டு நிறுத்தியது மயிலாப்பூரிலிருந்து வந்த அம்மா வழிப் பாட்டிதான். வாயில் நாலு பின்னைக் கவ்விக்கொண்டே, "அசையாதடி, இது விழுந்தா உங்க ஃபாதர் என்னைத்தான் கேப்பார்" என்று அதட்டினார். பூசை முழுக்க அவர் கண் அந்த முக்காட்டின் மேலேயே இருந்தது.

பெந்தெகொஸ்தே சித்தப்பா கதை வேறு. சுரூபங்கள் (சிலைகள்) இருக்கும் கோயிலுக்குள் அவர் வரமாட்டார், வற்புறுத்துவதில் பயனில்லை. முதல் நாள் மாலை அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, பிள்ளைக்காக ஒரு ஜெபம் செய்யச் சொல்லுங்கள். ஒரு ஜெபம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிரசங்கமாகிவிடும்.

இரண்டு வீடு, இரண்டு விருந்து

பிரிந்திருக்கும் பெற்றோருக்கு இது தவிர்க்க முடியாதது. அப்பாவும் அம்மாவும் ஒரே மரத்தடியில் அரை மணி நேரம்கூட நிற்க முடியாது என்றால் நிற்க வேண்டாம். ஆனால் இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு.

ஒரே நாளில் மதியம் அங்கே, ராத்திரி இங்கே என்று வைப்பதுதான் பெரிய தப்பு. அது போட்டியாகிவிடும். ஒரு பையனிடம், அப்பா வீட்டு விருந்து முடிந்து வந்த அரை மணியில், அம்மா வழிச் சித்தி ஒருவர் கேட்டார்: "அங்க கேக் எத்தனை அடுக்கு?" அவன் கொஞ்சம் யோசித்து, "கவனிக்கல" என்றான். மூன்று அடுக்கு என்று வகுப்பில் நண்பர்களிடம் அவன்தான் சொன்னான். எட்டு வயதில் அந்தப் பதிலைச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டான்.

அதனால் நடுவில் இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள். புதுநன்மை அன்று யாரிடம் பிள்ளை இருக்கிறதோ அங்கே காலை டிபனோடு முடிந்தது. மற்றவர் வீட்டு விருந்து பிறகு, அவரவர் வசதிப்படி. கேக் ஓரிடத்தில் மட்டும். இரண்டாவது விருந்து முடியும் வரை முதல் விருந்துப் படங்களை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நான் பார்த்த வரையில் பெரும்பாலான போன் சண்டைகளுக்கு ஸ்டேட்டஸ்தான் பிள்ளையார் சுழி.

பூசைக்கு மட்டும் இருவரும் வர வேண்டும் என்பேன். பல பங்குகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெஞ்சு ஒதுக்குவார்கள். பிள்ளை நடுவில், பெற்றோர் இரு முனையில், பாட்டி தாத்தாக்கள் பின் பெஞ்சில். பேசிக்கொள்ள வேண்டிய அவசியமே வராது. பிள்ளைகள் வரிசையாகப் பவனி வருவதால், யார் கையைப் பிடித்து அழைத்துப் போவது என்ற கேள்வியும் இல்லை. பூசை நடுவில் காணிக்கைகளைப் பீடத்துக்கு எடுத்துவரும் காணிக்கைப் பவனியில் பெற்றோர் சேர்ந்து வரச் சொல்லும் பங்காக இருந்தால், ஃபாதரிடம் முன்பே சொல்லி உங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லலாம். காரணம் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

இந்தப் பெற்றோருக்கு உண்மையான சிக்கல் விருந்துக்கு ஓராண்டு முன்பே ஆரம்பிக்கிறது. வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. நீதிமன்ற உத்தரவுப்படி ஞாயிறு அப்பாவின் முறை. அவர் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பாமல் கடற்கரைக்குக் கூட்டிப்போனால், வருகைப் பதிவு குறைந்து, கடைசியில் "தயாராகவில்லை" என்று நாங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அம்மாவின் மேல் இருக்கும் கோபத்தில் செய்கிறாரா, அலட்சியமா என்று நமக்குத் தெரியாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே வகுப்பு நாட்களை இருவருக்கும் எழுத்தில் அனுப்பச் சொல்லி ஆசிரியர்களிடம் கேளுங்கள். நாங்கள் அனுப்பினால் அது பள்ளிச் சுற்றறிக்கை. நீங்கள் அனுப்பினால் அதுவும் ஒரு குற்றச்சாட்டு.

ஊரில் வைப்பது

சென்னையில்தான் சண்டை, ஊரில் எல்லாரும் நல்லபடி என்றால், சொந்த ஊர்ப் பங்கில் வைக்கலாமே என்று தோன்றும். முடியும். இங்கே பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்க வேண்டும், பிள்ளை வகுப்பு முடித்ததற்கு உறுதி கேட்பார்கள். ஊர்த் திருவிழாவை ஒட்டி வைத்தால் யாரையும் தனியாக அழைக்கவே வேண்டாம், ஊரே அங்கேதான் இருக்கும்.

எனக்கு இதில் அவ்வளவு இஷ்டமில்லை. ஓராண்டு சேர்ந்து படித்த பிள்ளைகளோடு வரிசையில் நிற்பதுதான் அந்தப் பிள்ளைக்குத் திருவிழா. இங்கே நண்பர்கள் எல்லாரும் வாங்கிவிட்டார்கள், தான் மட்டும் முன்பின் தெரியாத கோயிலில் என்றால் முகம் வாடிவிடும். சண்டையே ஊர் நிலத்துக்காக என்றால் கேட்கவே வேண்டாம், எரிகிற வீட்டுக்குள் போய்ப் பாய் விரிப்பதுதான்.

புதுநன்மை இங்கே, நன்றிப் பூசை வேறிடத்தில் என்று பிரிக்கலாம். வேளாங்கண்ணி சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பாட்டிக்கு நேர்ச்சை இருந்தால் போகட்டும். நகருக்குள்ளேயே பெரம்பூர் லூர்து மாதா கோயில், சாந்தோம் பேராலயம், பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் இருக்கின்றன. பெசன்ட் நகரில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்தக் கூட்டத்தில் யார் யாரோடு வந்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. டிபனுக்கு வராத அத்தையை அங்கே ஒரு மாலை வரச் சொன்னால் வந்துவிடுவார்.

தள்ளிப்போடுவதும், ஒன்றும் வேண்டாம் என்பதும்

"எல்லாம் சரியானதும் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." சரியாகாது. சொத்து வழக்குகள் ஓராண்டில் முடிவதில்லை. பிள்ளை அடுத்த ஆண்டு தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். வீட்டில் துக்கம் நடந்திருந்தாலோ, பிள்ளையே பயந்துபோய் வேண்டாம் என்றாலோ தள்ளிப்போடுங்கள். பெரியவர்களின் கோபத்துக்காக வேண்டாம்.

விருந்தே இல்லாமல், ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு கொடுப்பதும் உண்டு. நல்ல காரியம்தான். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டால் செய்யுங்கள். உறவுக்காரர்களைத் தவிர்க்க அதைச் சாக்காகப் பயன்படுத்தினால் எல்லாருக்கும் புரிந்துவிடும்.

2020 ஊரடங்கில் புதுநன்மையே தள்ளிப்போய், பிறகு சின்னச் சின்னக் குழுவாகக் கொடுத்தார்கள். முகக்கவசம், இடைவெளி, குடும்பத்துக்கு இரண்டு மூன்று பேர், பூசை முடிந்ததும் நேராக வீடு. அந்தத் தொகுதியில் விருந்துச் சண்டை என்று ஒரு அம்மாகூட என்னிடம் வந்து நிற்கவில்லை.

இவ்வளவு சொல்லியும், தாத்தா மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டார் என்று சொல்லும் வீடுகள் இருக்கும். சரி, முன்பணம் திரும்ப வராது. அப்படியானால் மாலையை மதியமாக மாற்றப் பாருங்கள். மேடையையும் மைக்கையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளையை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள், வருபவர்கள் ஆசீர்வதித்துவிட்டு நேராகச் சாப்பிடப் போகட்டும். போட்டோகிராபரிடம் குழுப் படத்துக்கான பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்து, அதில் இல்லாத யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடக் கூடாது என்று சொல்லுங்கள். தாய்மாமன் சங்கிலியை முதல் நாளே வீட்டில் போட்டுவிடச் சொல்லுங்கள். மாற்றுடுப்புக்கு ஒரு பருத்திச் சட்டை எடுத்துப் போங்கள்.